சுங்கம் திறந்து பார்த்த சாக்லேட்

திருச்சி விமான நிலையம் இருப்பது புதுக்கோட்டைச் சாலையில். கோலாலம்பூரிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்திறங்குபவர் வாசலைத் தாண்டித் தெற்கே வண்டியைத் திருப்பினால் ஒரு மணி நேரத்தில் புதுக்கோட்டை. இன்னும் கொஞ்ச நேரம் போனால் அறந்தாங்கி. அதற்கும் அப்பால் கடலோரத்தில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், அம்மாபட்டினம். அந்த வண்டிகளில் ஏறிவரும் அட்டைப்பெட்டிகளை இந்த மாவட்டத்தில் சின்னப் பிள்ளையும் அடையாளம் சொல்லும். பிளாஸ்டிக் கயிறு குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றியிருக்கும். மார்க்கர் பேனாவால் பெயரும் ஊரும் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். உள்ளே கோடாலித் தைலம், மீசைக்காரத் தைலம், சோப்பு, பால்மாவு டின், போர்வை. இவற்றுக்கு நடுவே, உடையாமல் இருக்கத் துணிக்குள் பொதிந்தபடி, கிலோக் கணக்கில் சாக்லேட்.

பெட்டி பிரிக்கும் அன்றைக்கே அதற்குக் கணக்குப் போட்டுவிடுவார்கள். மாமியார் வீட்டுக்கு ஒரு பொட்டலம், நாத்தனார் பிள்ளைகளுக்கு ஒன்று, அக்கம்பக்கத்தில் ஆளுக்கு இரண்டு. யாரையாவது விட்டுவிட்டால் அடுத்த கல்யாண வீடு வரைக்கும் மனத்தாங்கல் நிற்கும்.

இந்தச் சாக்லேட் ஊர் வந்து சேர்வதற்குள் எத்தனையோ கண்கள் அதைப் பார்த்துவிடுகின்றன. எக்ஸ்ரே இயந்திரம் பார்க்கிறது. சந்தேகம் வந்தால் சுங்க அலுவலர் பிரித்தும் பார்க்கிறார். சாக்லேட் பொடிக்குள் தங்கத்தைக் கலந்து கொண்டுவந்தவர்களைத் திருச்சி சுங்கத்தார் பிடித்ததுண்டு. தேடியது தங்கத்தை, கட்டாத வரியை. சாப்பிட உகந்த பண்டம்தானா என்ற கேள்வி அந்த மேசையில் எழுவதில்லை. இது அண்மையில் நேர்ந்த கவனக்குறைவும் அல்ல. இந்த வட்டாரத்தில் அரசு உணவைக் கண்காணிக்கத் தொடங்கியதே வரிக்காகத்தான்.

தொண்டைமான் மன்னர்களின் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் உவர்மண்ணைக் கரைத்து உப்புக் காய்ச்சுவது பழைய தொழில். பிரிட்டிஷ் இந்தியாவில் உப்புக்கு வரி. சமஸ்தானத்து மண்ணுப்போ அந்த வரிக்கு வெளியே. வரி கட்டாத உப்பு எல்லை தாண்டிப் பக்கத்துத் தாலுகாக்களுக்குள் போனால் சென்னை அரசுக்கு நட்டம். எனவே 1887-இல் ஓர் ஒப்பந்தம் போட்டு அந்தத் தொழிலையே நிறுத்தினார்கள். ஈடாக, ஆண்டுக்கு 38,000 ரூபாய் சமஸ்தானத்துக்குக் கிடைத்தது. அந்த உப்பில் மண் இருந்ததா, தின்பவருக்குக் கெடுதல் உண்டா என்பதெல்லாம் பேச்சுக்கே வரவில்லை.

உணவில் கலப்படம் என்ற கவலை அதற்கு முன்பே லண்டனில் முற்றியிருந்தது. 1850-களின் தொடக்கத்தில் ஆர்தர் ஹில் ஹாசல் என்ற மருத்துவர் கடைகடையாக உணவுப் பண்டங்களை வாங்கி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். கண்டதை லான்செட் மருத்துவ இதழ் கடைக்காரர்களின் பெயரோடும் முகவரியோடும் அச்சிட்டது. அந்த ஆய்வில் வசமாக மாட்டிக்கொண்ட பண்டங்களில் கோகோவும் ஒன்று. எடையைக் கூட்ட மாவு, சிவந்த நிறம் காட்டக் காவி. 1860-இல் பிரிட்டன் முதல் கலப்படச் சட்டம் கொண்டுவந்தது. 1875-இல் அதைவிடப் பல் உள்ள சட்டம் வந்தது. அந்த இடைவெளியில், 1866-இல், கேட்பரி நிறுவனம் மாவு கலக்காத கோகோவை விற்பனைக்கு விட்டு, தூய்மையையே விளம்பரமாக்கிப் பணம் பார்த்தது. உணவுப் பரிசோதனையும் சாக்லேட் வியாபாரமும் ஏறக்குறைய ஒன்றாகவே வளர்ந்தவை.

சென்னை மாகாணத்துக்குக் கலப்படத் தடைச் சட்டம் வந்தது 1918-இல். சமஸ்தானம் என்பதால் மாகாணச் சட்டம் புதுக்கோட்டையில் தானாகச் செல்லுபடியாகாது. துறைமுகமும் சமஸ்தானத்திடம் இல்லை. வெளிநாட்டுப் பொருள் எதுவானாலும் பிரிட்டிஷ் துறைமுகம் ஒன்றில் இறங்கி, அங்கே சுங்கம் கட்டிவிட்டுத்தான் ஊருக்குள் வரவேண்டும்.

அப்படிக் கொண்டுவந்தவர்களில் முதல் வரிசையில் நகரத்தார். ராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு, நற்சாந்துபட்டி, மேலைச்சிவபுரி போன்ற சமஸ்தானத்துச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து பர்மா, மலாயா, இலங்கை, சைகோன் என்று கொண்டுவிக்கப் போனார்கள். பெட்டியடிப் பையனாகக் கிளம்புபவர் ஒரு கணக்குக்கு மூன்று ஆண்டு கிட்டங்கியிலே (தொழிலும் தங்கலும் ஒன்றான கட்டடம்) கிடந்து, பிறகு ஊர் திரும்புவார். திரும்பும்போது பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் ஸ்வீடன் எனாமல் பாத்திரமும் வந்தது ஊரறிந்த கதை. அந்த வீடுகளின் தூண்களும் தரையும் இன்றைக்கும் அதைச் சொல்லும். தின்பண்டம் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை, மிஞ்சி நிற்பதில்லை என்பதால். தகர டப்பாவில் அடைத்த பிஸ்கட்டும் கோகோ மாவும்தான் அந்தக் கப்பல் பயணத்துக்குத் தாங்கக்கூடியவை. கட்டிச் சாக்லேட்டின் உயிர் கோகோ வெண்ணெய். அது 34 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். சித்திரை வெயிலில் புதுக்கோட்டைத் திண்ணையின் சூடே அதைத் தாண்டும்.

முக்கியமான போக்குவரத்து வழிகள் இரண்டு. ஒன்று நாகப்பட்டினம். 1926-இல் கட்டிய எஸ்.எஸ். ரஜூலா என்ற கப்பல், சென்னை – நாகப்பட்டினம் – பினாங்கு – சிங்கப்பூர்த் தடத்தில் 1973 வரை ஓடியது. நாகையில் கப்பல் கரையை ஒட்டி வராது, தள்ளி நங்கூரமிடும். ஆளையும் பெட்டியையும் படகில் இறக்கிக் கரை சேர்ப்பார்கள். உப்புத் தண்ணீர் தெறிக்காமல் பெட்டி வந்தாலே அதிர்ஷ்டம். கரையில் சுங்கச் சோதனை. இன்னொரு வழி தனுஷ்கோடி. இலங்கையிலிருந்து வருகிறவர்கள் அங்கே இறங்கி ரயில் ஏறுவார்கள். திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929-இலும் அங்கிருந்து மானாமதுரைக்கு 1930-இலும் தண்டவாளம் வந்தபின் தனுஷ்கோடியிலிருந்து ஊருக்கு நேரே ரயில் வழி உண்டானது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது வரை இந்த வழியில் பெட்டிகள் வந்தன. துறைமுகத்தில் ஆளுக்கு வைசூரி இருக்கிறதா, காலரா இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்தார். பெட்டிக்குச் சுங்கம் பார்த்தார்கள். பெட்டிக்குள் இருக்கும் தின்பண்டம் இரண்டு பேருக்கும் பொறுப்பில்லாத சங்கதி.

1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியானது. அதே ஆண்டில்தான் கேட்பரி இந்தியாவில் நிறுவனமாகக் கால் ஊன்றியது. ஆரம்பத்தில் அதன் வேலை, சாக்லேட்டை வெளிநாட்டிலிருந்து இறக்கி இங்கே பொதி மாற்றி விற்பது.

நாடு முழுமைக்குமான உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954-இல் நிறைவேறி 1955 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கலப்பட உணவை இறக்குமதி செய்யக் கூடாது, சந்தேகப்படும் சரக்கைச் சுங்க அதிகாரி நிறுத்திவைத்து மத்திய ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பலாம் என்று அதிலேயே எழுதியிருந்தது. காகிதத்தில் சாக்லேட்டும் அதற்குள் அடக்கம். உள்ளூரில் அதைச் செயல்படுத்தியவர் உணவு ஆய்வாளர்.

அவர் மாதிரி எடுக்கும் முறையே ஒரு சடங்கு. சாட்சியை வைத்துக்கொண்டு, காசு கொடுத்து, ரசீது வாங்கிப் பொருளை வாங்க வேண்டும். அதை மூன்று பங்காக்கி மூன்று உலர்ந்த புட்டிகளில் அடைக்க வேண்டும். ஒவ்வொரு புட்டியையும் தடித்த காகிதத்தில் சுற்றி, நுனிகளை மடித்து ஒட்டி, குறியீட்டெண் கொண்ட சீட்டை மேலிருந்து கீழ் வரை ஒட்ட வேண்டும். கடைக்காரரின் கையெழுத்து பாதி சீட்டிலும் பாதி உறையிலும் விழவேண்டும். பிற்பாடு சீட்டை மாற்றினால் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் கயிறு கட்டி அரக்கு வைத்து, குறைந்தது நான்கு முத்திரை: மேலே ஒன்று, அடியில் ஒன்று, உடம்பில் இரண்டு. ஒரு பங்கு அரசு பகுப்பாய்வாளருக்குப் போகும். மற்ற இரண்டும் வழக்கு வந்தால் இருக்கட்டும் என்று சுகாதார அதிகாரியிடம் பத்திரமாக இருக்கும். இந்த ஒழுங்கில் ஏதாவது ஒன்று பிசகினாலும் வழக்கு நிற்பது கடினம்.

இத்தனை அரக்கும் நெய்க்கும் பாலுக்கும் மிளகாய்ப் பொடிக்கும் துவரம்பருப்புக்குமே செலவானது. வெளிநாட்டுச் சாக்லேட் கடைக்கு வந்தால்தானே ஆய்வாளர் மாதிரி எடுப்பார்? நுகர்பொருள் இறக்குமதிக்கு உரிமம் என்னும் பூட்டு அந்தப் பத்தாண்டுகளில் இறுக்கமாக இருந்தது. அந்நியச் செலாவணியைக் காப்பது நாட்டின் கொள்கை, சாக்லேட் ஆடம்பரம். எனவே வெளிநாட்டுச் சாக்லேட் என்றால் பெட்டியில் வந்தது, அல்லது கள்ளத்தனமாக வந்தது. 1969-இல் பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காகச் சென்னையில் முளைத்த பர்மா பஜாரைப் போன்ற இடங்களில் அது கிடைத்தது. சட்டத்தின் கண்ணில் அங்கே இருந்த குற்றம் கடத்தல்தான். கெட்டுப்போன உணவு என்று யாரும் அதைப் பார்க்கவில்லை.

1974 ஜனவரி 14, பொங்கல் நாளில், புதுக்கோட்டை தனி மாவட்டமானது. சமஸ்தானத்துக்கு இல்லாத கடற்கரை, தஞ்சை மாவட்டத்திலிருந்து பிரித்துச் சேர்த்த பகுதியால் இந்த மாவட்டத்துக்குக் கிடைத்தது. கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் மலாயாவுக்குச் சபுர் (பிழைப்புத் தேடிய பயணம்) போவது தலைமுறைப் பழக்கம். ரஜூலா ஓய்ந்த 1973-இலேயே எம்.வி. சிதம்பரம் என்ற கப்பல் அந்தத் தடத்துக்கு வந்தது. 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அதன் கதையும் முடிந்தது. அதற்குள் வளைகுடாவுக்கும் ஆள் போகத் தொடங்கியிருந்தார்கள். கப்பலில் நாள் கணக்கில் வெந்த சாக்லேட், விமானத்தில் சில மணி நேரத்தில் வந்தது. சபுராளி வீட்டுச் சாக்லேட்டில் ஒரு பக்கம் மலாய், இன்னொரு பக்கம் அரபு. தமிழில் ஒரு வரி இருக்காது. ஆங்கிலம் இருந்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கும்.

அதிகாரி கேட்காத கேள்வியை வீடுகள் கேட்டுக்கொண்டன. பெட்டியைப் பிரிக்கும் பெண்கள் முதலில் பார்த்தது உறை கசிந்திருக்கிறதா என்பதை. அடுத்தது மேலே வெள்ளை பூத்திருக்கிறதா என்பதை. பூத்திருந்தால் பூஞ்சணம் என்று சொல்லி ஒதுக்கிவிட்டார்கள். உண்மையில் அது பெரும்பாலும் பூஞ்சணம் அல்ல. சூட்டில் இளகிய கோகோ வெண்ணெய் மறுபடி உறையும்போது வேறு படிக அமைப்பில் மேலே வந்து நிற்பதுதான் அந்த வெளிறல். ருசி போகும், தின்றால் கெடுதல் இல்லை. பூஞ்சணத்துக்கு ஈரம் வேண்டும். சாக்லேட்டில் அது மிகக் குறைவு. கெடுதல் செய்யக்கூடியதோ கண்ணுக்கே தெரியாது. முஸ்லிம் வீடுகளில் ஹலால் முத்திரை தேடினார்கள். சைவ வீடுகளில் ஜெலட்டின் என்ற சொல்லைத் தேடினார்கள். புரியாவிட்டால் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள்.

அந்த ஹலால் முத்திரையும் ஒருமுறை ஆட்டம் கண்டது. 2014 மே மாதம் மலேசியச் சுகாதார அமைச்சகம் கேட்பரியின் இரண்டு வகைகளில் பன்றி மரபணுவின் தடயம் இருப்பதாகச் சொன்னது. சில நாட்களில் மலேசிய இஸ்லாமிய வளர்ச்சித் துறையான ஜாக்கிம், தொழிற்சாலையிலிருந்தே மாதிரி எடுத்துப் பார்த்து, அப்படி ஒன்றும் இல்லை என்று அறிவித்தது. இரண்டு ஆய்வுக்கும் மாதிரி எடுத்த இடம் வேறு வேறு.

உரிமப் பூட்டு முழுமையாகத் திறந்தது 2001 ஏப்ரல் 1 அன்று. உலக வர்த்தக அமைப்பில் தோற்ற வழக்கின் பலனாக இந்தியா இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளை நீக்கியது. அதன்பிறகு வெளிநாட்டுச் சாக்லேட் கன்டெய்னரில், முறையான பில்லோடு, சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது. சாக்லேட்டுக்கு அப்போது இரண்டு வாசல் ஆயின. துறைமுக வாசலில் கேள்விகள் ஆண்டுக்கு ஆண்டு கூடின. விமான நிலையப் பயணிகள் வாசலில் பழைய கேள்வியே தொடர்ந்தது.

இந்த இரட்டை வாசல் அப்பட்டமாகத் தெரிந்த ஆண்டு 2008. சீனாவில் பாலில் மெலமைன் கலந்த விவகாரம் அந்தச் செப்டம்பரில் வெடித்தது. பாலில் தண்ணீர் ஊற்றிவிட்டு, புரதம் இருப்பதுபோல ஆய்வுக் கருவியை ஏமாற்ற நைட்ரஜன் மிகுந்த அந்த ரசாயனத்தைக் கலந்திருந்தார்கள். ஆறு குழந்தைகள் இறந்தன. ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. சிங்கப்பூரில் கடைக்குக் கடை கிடைக்கும் ஒயிட் ராபிட் பால் மிட்டாயிலும் மெலமைன் இருப்பதை அந்நாட்டு அதிகாரிகள் கண்டார்கள். இந்தியா செப்டம்பர் இறுதியில் சீனப் பால் பொருட்களைத் தடை செய்தது; டிசம்பர் 1 அன்று தடையைச் சாக்லேட்டுக்கும் பால் சேர்ந்த மிட்டாய்களுக்கும் நீட்டியது. துறைமுக ஆய்வகங்கள் மெலமைனைச் சோதிக்கும் திறன் பெறும்வரை தொடரட்டும் என்று 2019-இலும் அதை நீட்டித்தார்கள். அதே 2008 டிசம்பரில்தான் ஏர் ஏசியா கோலாலம்பூர் – திருச்சி விமானத்தைக் குறைந்த கட்டணத்தில் ஓட்டத் தொடங்கியது. புதுக்கோட்டைக்காரர்களுக்கு மலேசியா பஸ் ஏறிப் போகும் தூரம்போல ஆனது. துறைமுகத்தில் சீனப் பால் சாக்லேட்டுக்குக் கதவு சாத்திய மாதத்தில், பெட்டிச் சாக்லேட்டுக்கு இன்னொரு கதவு அகலத் திறந்தது.

குருவிகளின் பொற்காலம் அது. வாரத்துக்கு ஒருமுறை போய், சொல்லிவிட்ட சரக்கை வாங்கித் தன் பெட்டியில் கொண்டுவந்து கடைக்காரரிடம் சேர்ப்பவர்தான் குருவி. மின்சாமான், மது, சிகரெட்டோடு சாக்லேட்டும் குருவிச் சரக்கு. வீட்டுப் பங்குக்காக வந்த பொருள் இப்படித்தான் கடைச் சரக்கானது. உணவுச் சட்டத்துக்கு வேலை தொடங்குவதும் இங்கேதான்.

2006-இல் நிறைவேறிய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்து, 1954 சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. கன்டெய்னர்ச் சாக்லேட்டின் பாதை அதன்படி இப்போது இதுதான்: இறக்குமதியாளருக்கு உணவு உரிமம் வேண்டும். சரக்கு வந்ததும் ஆவணம் பார்ப்பார்கள். பிறகு நேரில் பார்ப்பார்கள். காலாவதி தேதிக்குள் 60 சதவீத ஆயுளோ மூன்று மாதமோ, எது குறைவோ அது மிச்சம் இருக்க வேண்டும். பெயர், சேர்மானம், தயாரித்த தேதி ஆகியவை தயாரித்த இடத்திலேயே அச்சாகியிருக்க வேண்டும். விட்டுப்போனால் ஒட்டிக்கொள்ளலாம் என்று விட்டுக்கொடுத்தது சிலவற்றுக்குத்தான்: இறக்குமதியாளரின் பெயர் முகவரி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் முத்திரையும் உரிம எண்ணும், சைவ அசைவக் குறி. இரண்டு மாதிரி எடுத்து ஒன்றை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறினால் தடையில்லாச் சான்று. தேறாவிட்டால் சரக்கு திரும்பிப் போகவேண்டும் அல்லது அழிய வேண்டும்.

ஆய்வகம் எதைப் பார்க்கும்? பால் சாக்லேட் என்றால் கொழுப்பு 25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பால் கொழுப்பு 2, கொழுப்பில்லாக் கோகோ 2.5, கொழுப்பில்லாப் பால் திடப்பொருள் 10.5 சதவீதம் இருக்க வேண்டும். பெரிய சண்டை நடந்தது கொழுப்பின் சாதி பற்றி. கோகோ வெண்ணெய் தவிர வேறு தாவரக் கொழுப்பு கூடாது என்றது 2011 விதி. ஐரோப்பிய ஒன்றியமோ 2000-ஆம் ஆண்டிலேயே 5 சதவீதம் வரை அனுமதித்திருந்தது. அங்கே சாக்லேட்டாக இருந்தது இங்கே துறைமுகத்தில் சாக்லேட் ஆகவில்லை. பின்னர் வந்த திருத்தத்தில் இந்தியாவும் 5 சதவீதத்துக்கு இறங்கி வந்தது. அதற்கு மேல் பாமாயில் வகைக் கொழுப்பு சேர்ந்த பண்டங்கள் மலேசிய, சிங்கப்பூர்க் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். பெட்டியில் வருகிறவற்றில் அவையும் கலந்தே வரும். பயணி சொந்தப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் உணவுக்கு மேலே சொன்ன நடைமுறை எதுவும் கிடையாது. சுங்கத்தின் பயணப்பை விதிக்குள் அடங்கினால் போதும்.

சோதனை இல்லாததைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இதில் உண்டு. அதை 2022 காட்டியது. பெல்ஜியத்தின் ஆர்லோன் நகரிலுள்ள ஃபெரெரோ தொழிற்சாலையில் செய்த கிண்டர் சாக்லேட்டுகளால் பல நாடுகளில் சால்மோனெல்லா தொற்று பரவியது. ஏப்ரல் 25 நிலவரப்படி 11 நாடுகளில் 151 பேர். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். குறைந்தது 113 நாடுகளுக்கு அந்தச் சரக்கு போயிருந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. நிறுவனம் சரக்கைத் திரும்ப அழைத்தது. திரும்ப அழைப்பது எப்படி நடக்கும்? தயாரித்தவர் இறக்குமதியாளருக்குச் சொல்வார், அவர் மொத்த வியாபாரிக்கு, அவர் கடைக்கு. பெட்டியில் வந்த சாக்லேட்டுக்கு இந்தச் சங்கிலி இல்லை. அது எந்தத் தெருவில் யார் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்று யாரிடமும் பதிவு கிடையாது.

துறைமுகத்தில் இறக்குமதியாளரின் பெயர் முகவரியோடு ஒட்டும் வெள்ளைச் சீட்டின் பயன், சரக்கை இப்படித் தேடிப் பிடிக்க முடிவதுதான். ஆனால் ஊரில் அதற்கு மதிப்பு தலைகீழ். சீட்டு ஒட்டியிருந்தால், 'இது இங்கே கடையில வாங்குனதுதானே' என்று முகம் சுளிப்பார்கள். சீட்டு இல்லாததுதான் அசல் பாரின் சரக்கு.

இப்போது புதுக்கோட்டை கீழ ராஜ வீதிப் பக்கத்துக் கடை ஒன்றில் வெளிநாட்டுப் பெயர் தாங்கிய சாக்லேட் மூன்று விதமாக இருக்கலாம். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் 2011-இல் தொடங்கிய ஃபெரெரோ ஆலையில் செய்த கிண்டர் ஜாய் ஒன்று. பெயர்தான் அயல், சரக்கு உள்நாடு. துறைமுகம் வழியாக வந்து சீட்டு ஒட்டியது இன்னொன்று. மூன்றாவது குருவியோடு வந்தது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் மூன்றாவதைக் கண்டால் இப்போது மூன்று பங்கு போதாது, நான்கு பங்காக மாதிரி எடுப்பார். ஒன்று ஆய்வகத்துக்குப் போகும்; தமிழ்நாட்டில் இருக்கும் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்களில் ஒன்று பக்கத்துத் தஞ்சாவூரிலேயே இருக்கிறது. இரண்டு நியமன அலுவலரிடம் இருக்கும். நான்காவதை, கடைக்காரர் கேட்டுக்கொண்டால், அங்கீகாரம் பெற்ற வேறொரு கூடத்துக்கு அனுப்பலாம். பதினான்கு நாளில் அறிக்கை வரவேண்டும். சாக்லேட் தரமாகவே இருந்தாலும் இறக்குமதியாளர் முகவரி இல்லாத குற்றம் போகாது. தவறான முகப்புச்சீட்டுக்கு மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம் போட மாவட்ட வருவாய் அலுவலருக்கு அதிகாரம் உண்டு. அபராதத்தைக் கட்டப்போவது கடைக்காரர். கொண்டுவந்து கொடுத்த குருவி அதற்குள் அடுத்த நடை போய் வந்திருப்பார்.